இசைத்தட்டின் மறுபக்கத்துப் பாட்டு

சனி இரவு, கோல சிலாங்கூர்

இன்று மாலதியின் கல்யாண விருந்து. விருந்துகளுக்கு ஒலிபெருக்கி வைப்பது என் தொழில்; இதற்கும் வரச்சொல்லி அவள்தான் கேட்டாள், ஒப்புக்கொண்டேன். நாங்கள் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்குக் கசப்பில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது போட வேண்டிய பாட்டைப் பென்டிரைவில் தந்திருந்தார்கள். முதல் கிட்டார் ஒலியிலேயே தெரிந்துவிட்டது. உலகத்தையே ஆடவைத்த ஒரு ராக் அண்ட் ரோல் பாடகரின், யாரும் கேட்டிராத மெதுவான காதல் பாட்டு. பல்கலைக்கழக நாட்களில் ஒரு பழைய இசைத்தட்டின் மறுபக்கத்தில் நான் கண்டெடுத்தது. அதைக் கைபேசியில் ஏற்றி, புக்கிட் பெருந்துங் போகும் பஸ்ஸில் நானும் மாலதியும் ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டோம். "இத வேற யாருக்கும் போட்டுக் காட்டாத," என்றாள். இத்தனை விருந்துகளில் ஒருமுறைகூட நான் அதைப் போட்டதில்லை.

பாட்டை எடுத்துக்கொண்டாள், போகட்டும் என்றிருந்தேன். கேக் வெட்டும்போது மாப்பிள்ளை மைக்கை வாங்கினார்.

"இந்தப் பாட்டு உங்க யாருக்கும் தெரியாது லா. மாலா எனக்காகவே தேடிப் பிடிச்சது. மூணு வருஷமா இதுதான் எங்க பாட்டு!"

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்து சிரித்தாள்.

கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள். "சவுண்ட் நல்லா இருந்துச்சி, தேங்க்ஸ்."

"மூணு வருஷமா, மாலா?"

"ஐயோ, அவருக்குக் கணக்கே வராது லா," என்று சிரித்தபடி திரும்பி நடந்தாள்.

ஆனால் அவர் மூன்று என்றுதான் சொன்னார். விரல்களை உயர்த்திக் காட்டியும் சொன்னார்.