சைக்கிள் கொடுத்த அன்று எடுத்த படம்

அன்புள்ள அம்மாவுக்குத் தாமரைச்செல்வி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் தனியாக இருக்க முடியாமல் மகளிர் சங்கத்துக்குப் போகிறேன் என்றேன் அல்லவா? போன வாரம் வசதியில்லாத பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தோம். வைத்திக்குப்பத்து அபி, ஒன்பதாவது படிப்பவள், போட்டோ எடுக்கும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். நான்தான் அதை இழுத்துவிட்டு, "சிரிடி" என்றேன். சிரித்தாள். படம் வாட்ஸப்பில் அவள் வகுப்புவரை போய்விட்டது. 'ஓசி சைக்கிள்' என்று கேலி செய்தார்களாம். அவள் பள்ளிக்கூடமே போகவில்லை.

கேள்விப்பட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா மீன் கூடையைக்கூட இறக்கவில்லை.

"சைக்கிளு குடுத்ததுக்குக் கையெடுத்துக் கும்புடுறேன். அதுக்கு எம்பொண்ணு மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்டணுமாம்மா?"

மன்னிப்புக் கேட்டேன். அபி வெளியே வரவில்லை.

சங்கத்தில் சொல்லிப் படத்தை அழிக்க வைத்தேன். இனி யாரையும் படம் எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. நல்ல யோசனை என்று என்னைப் பாராட்டினார்கள் அம்மா. துப்பட்டாவை இழுத்தவள் நான் என்று அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள.

இன்று காலை பெரிய மார்க்கெட் பக்கம் அபி அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போனாள். என்னைப் பார்த்தால் அவள் வணக்கம் சொல்ல வேண்டியிருக்குமே என்று பூக்கடைக்குள் ஒளிந்துகொண்டேன்.

ஜவுளிக்கடையில் முதலாளி வேலைக்குக் கூப்பிடுகிறார், போகிறேன்.

உன் மகள்,
செல்வி