கம்பளிக்குள் கை

ஹா லெகேனா, லெசோத்தோ
12 பிப்ரவரி 1989

லிம்போவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொரு நாளும் ஆண்டவர் கூடவே இறங்கி, கூடவே ஏறி வரட்டும். சோளம் பால் பிடித்துவிட்டது. நீங்கள் அனுப்பிய சின்னக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லிம்போ ஊரையே ஒரு சுற்று சுற்றிவிட்டாள்.

இனி உட்கார்ந்து படியுங்கள். போன ஞாயிறு சபை கூடி ஒரு மூப்பரைத் தேர்ந்தெடுத்தது. என்னைத்தான்!

ஆண்கள் எல்லாம் உங்களைப் போல சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள். திருவிருந்தில் அப்பமும் திராட்சை ரசமும் வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுக்க மிச்சமிருக்கிற ஒரே மூப்பர் மொலேஃபி அய்யா. பாவம், முழங்கால் வீங்கி, கிறிஸ்துமஸ் திருவிருந்தில் அப்பத்தட்டோடு பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். மலை தாண்டி நடந்து வந்த மாதூசோ அக்கா கடைசி வரிசையில் கையை நீட்டியபடியே இருந்தார். அப்படியே வெறுங்கையோடு திரும்பிப் போனார். அப்பம் சுட்டது நாங்கள், ரசம் காய்ச்சியது நாங்கள், மேசை விரிப்பைத் துவைத்தது நாங்கள். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைக்க எங்களுக்குக் கால் இல்லையா?

ஈஸ்டர் அன்று பொறுப்பேற்பு. நீங்களும் விடுமுறையில் வந்திருப்பீர்கள். ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்கள் மனசு கோணினால் அந்தத் திருவிருந்துக் கிண்ணம் எனக்குக் கனக்கும்.

அன்புள்ள,
மாலிம்போ


சுரங்க விடுதி, கார்லெட்டன்வில்
26 பிப்ரவரி 1989

மாலிம்போவுக்கு,

நான் சுகம். இருமல் தேவலாம்.

உன் கடிதத்தை அறைத்தோழன் செகாகே பிடுங்கி, சத்தம் போட்டுப் படித்துவிட்டான். “ராலிம்போ, இனிமே உன் பொண்டாட்டி பிரசங்கம் பண்ணட்டும், நீ போய்க் களி கிண்டு!” என்றான். அறையே சிரித்தது. நான் இந்த விடுதிச் சபைக்குப் பிரசங்கி. எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்தாயா?

வியாழக்கிழமை பெண்கள் கூட்டத்தில் நீ தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணு, யார் வேண்டாம் என்றது? ஞாயிறு வேறு. சபையில் பெண்கள் வாய் திறக்காமல் இருக்கவேண்டும் என்று பவுல் அப்போஸ்தலர் எழுதியிருப்பது உனக்கே தெரியும். வீட்டில் நீ மண்டியிட்டுச் சாப்பாடு தருகிறாய், நான் ஒரு கையால் வாங்குகிறேன். கோயிலில் நீ நின்று தர, நான் உட்கார்ந்து, ஏதோ ஊர்த்தலைவரிடம் வாங்குவதுபோல இரண்டு கையால் வாங்குவதா? சொல்லிவிட்டேன். கிண்ணத்தோடு நீ என் முன்னால் வந்தால், என் கை நான் போர்த்தியிருக்கிற கம்பளியை விட்டு வெளியே வராது. ஊர் பார்க்கட்டும்.

ராலிம்போ

பி.கு.: இங்கே திருவிருந்து விரிப்பைத் துவைக்கிற முறை இந்த மாதம் எனக்கு. இஸ்திரி போடும்போது நடுவில் தீய்ந்து பழுப்பாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, ஒளித்து வைத்திருக்கிறேன். கறை எப்படிப் போகும்? சீக்கிரம் எழுது.


ஹா லெகேனா
6 மார்ச் 1989

லிம்போவின் அப்பாவுக்கு,

எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, ஈரத்தோடு புல் மேல் விரித்து, வெயிலில் போடுங்கள். ஒரே நாளில் போகாது. மறுபடி தேயுங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வாய் பார்க்காதீர்கள்.

முதலில் உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பின்குறிப்புக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். லிம்போ பயந்துபோய், “அம்மா, உனக்கு என்ன ஆச்சு?” என்றாள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக்கூடாது. அங்கே பெண்கள் இல்லை என்று எங்கள் வேலையை நீங்கள் செய்கிறீர்கள். பவுல் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே ஆண்கள் இல்லை என்று உங்கள் வேலையை நாங்கள் செய்தால் மட்டும் அவருக்கு ஏன் கோபம் வருகிறது? இயேசுவின் கல்லறை காலி என்று முதலில் ஓடிவந்து சொன்னது யார், பிரசங்கியாரே? ஆண்கள் அதை நம்பவில்லை என்பதும் வேதத்திலேயேதான் எழுதியிருக்கிறது.

வீட்டில் நான் மண்டியிடுவது உங்கள் மேல் உள்ள பிரியத்தில். அந்தக் கிண்ணம் என்னுடையது இல்லை. கொடுக்கிறவர் வேறு, நான் தூக்கிக்கொண்டு வருகிறவள்தான்.

நான் ஒத்துக்கொண்டுவிட்டேன். உங்கள் கை வெளியே வராவிட்டால், அடுத்தவருக்குக் கொண்டுபோவேன். அங்கே அழமாட்டேன். வீட்டுக்கு வந்து அழுதுகொள்வேன்.

மாலிம்போ


சுரங்க விடுதி
15 மார்ச் 1989

மாலிம்போவுக்கு,

கறை முக்கால்வாசி போய்விட்டது. யார் சொல்லிக்கொடுத்தது என்று செகாகே கேட்டான். சொன்னேன். “அப்ப அவங்களையே இங்க மூப்பரா அனுப்பச் சொல்லேன்” என்கிறான், போக்கிரி.

ஈஸ்டருக்கு வருகிறேன். மற்றதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

ராலிம்போ


ஹா லெகேனா
2 ஏப்ரல் 1989

என் லிம்போவின் அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பேருந்து கிளம்புகிற அவசரத்தில் ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

ஈஸ்டர் திருவிருந்தில் கிண்ணத்தோடு, சபை வழக்கப்படி ஆண்கள் பக்கம்தான் முதலில் வந்தேன். நீங்கள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்து, பெரிய கம்பளி ஊசியால் சேர்த்துக் குத்தி, தரையைப் பார்த்தபடி இருந்தீர்கள். ரசம் தளும்பி விளிம்புவரை வந்துவிட்டது. உங்கள் முன்னால் நின்றேன். ஒன்றும் அசையவில்லை. சரி, போதும் என்று அடுத்தவர் பக்கம் திரும்பப் போனேன்.

அப்போது ஊசி தரையில் விழுகிற சத்தம். கம்பளி தோளிலிருந்து சரிந்தது. ஒரு கை வந்தது. கட்டைவிரலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. ஐயோ, இதை எனக்கு எழுதவே இல்லையே என்று நினைத்துக்கொண்டு நிற்கும்போதே இன்னொரு கையும் வந்தது.

மாதூசோ அக்காவுக்கும் அன்று கிடைத்தது. பார்த்தீர்களா? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். அழுதீர்கள் என்று மொலேஃபி அய்யா சொல்கிறார். நான் நம்பவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இவ்வளவும் உங்களுக்கே தெரியும். நான் கேட்க வந்தது வேறு. அன்று மத்தியானம் வீட்டில் எப்போதும்போல மண்டியிட்டுக் களியும் கீரையும் நீட்டினேன். அதையும் இரண்டு கையாலும் வாங்கினீர்கள். நான் பார்த்ததும், “பழக்கதோஷம்டி” என்றீர்கள்.

காலையில்தானே என்னிடம் முதல்முறை அப்படி வாங்கினீர்கள். மத்தியானத்துக்குள் அது என்ன பழக்கம்?

உங்கள்,
மாலிம்போ