உறுதி செய்யாத நேரம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். மூச்சுத் திணறல் குறையவில்லை. காலையில் டயாலிசிஸ் மையத்துக்குப் போனவரை, பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சபாக் ஊரிலுள்ள வீட்டுக்குத் திரும்பியதும் விழுந்துவிட்டார்.

வார்டு வாசலில் அத்தை தன் போனை என்னிடம் நீட்டினார். “நேத்து இதுலதான் நேரத்த இன்னைக்குக் காலைக்கு மாத்துனேன் லா. அப்புறம் பேக் பட்டன அமுக்கி வெளிய வந்துட்டேன். அது தப்பாம்மா?”

தப்பு அவருடையதில்லை. அந்த மையத்தில் நேரம் பதிவு செய்யும் ஆப்பில் எந்தத் திரைக்குப் பின் எந்தத் திரை என்று அமைத்தது நான். புது நேரத்தை அடுத்த திரையில் உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் பேக் அமுக்கினால், எதுவும் கேட்காமல் முகப்புக்குப் போய்விடும். பழைய நேரமும் அழிந்துவிடும். அங்கே ஒரு எச்சரிக்கை வைக்கலாமா என்று கேட்டதற்கு என் மேனேஜர், “அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

“யாரும்மா இப்படிச் செஞ்சு வச்சது?” என்று அத்தை அழுதார். தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து எச்சரிக்கையைச் சேர்த்து அனுப்பினேன். மேனேஜர் போனை எடுக்கவில்லை. அவர் ஒப்புக்கொள்ளாமல் அது யாருக்கும் போய்ச் சேராது. நாளை காலை இன்னும் யார் யார் அங்கே பெயரில்லாமல் நிற்பார்களோ.

பொறுக்க முடியாமல் அத்தையை அழைத்தேன். “அத்தை, அதச் செஞ்சது நான்தான்.”



“இப்ப ஒண்ணும் சொல்லாதம்மா. மாமாவ ஐசியூவுக்கு ஏத்துறாங்க.”