சம்பந்தம் வீட்டுக் கூரை

செஞ்சி
9-5-1964

அன்புள்ள ராஜாம்பாளுக்கு,

நான் சுகம். நீயும் உன் முழங்காலும் சுகமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வீட்டுக்குள்ளேயே வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். சிரிக்காதே.

போன வாரம் ஆலங்கட்டி மழை. நம் வீட்டில் உடைந்தது பத்து ஓடுதான். மறுநாளே ஓட்டுக்காரன் ஒருவன் வீடு வீடாகக் கதவைத் தட்டி வந்தான். “எல்லாம் உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்குதுண்ணே. இறக்கிட்டுப் புதுசு போடறேன்” என்றான். கூடவே சம்பந்தம். கடலை மில்லில் ஆறு வருஷமாக என்னோடு ஒரே தூக்குவாளியில் சோறு தின்றவன். “நம்ம ஆளுதான், பயப்படாதண்ணே” என்றான். சரி என்றேன். ஓடுகளையெல்லாம் இறக்கி வண்டியில் ஏற்றிப் போனவன் திரும்பவே இல்லை.

நேற்று சம்பந்தம் வீட்டுக்குப் போனேன். அண்ணாந்து பார்த்தால் என் அடுப்புக் கரி படிந்த அதே ஓடுகள். “ஏம்பா, உன் கூடத்துல யாரு சமைக்கறது?” என்றேன்.

“உனக்கு இன்னாண்ணே, ஒண்டி ஆளு. எனக்குப் புள்ளகுட்டி இருக்குது” என்றான்.

ஒண்டி ஆளாம்! வைகாசியில் நீ வருவாய் என்றுதான் இந்த வீட்டையே பிடித்தேன். அது அவனுக்கும் தெரியும். இப்போதைக்கு வராதே. உன் பழைய சேலை இரண்டு அனுப்பு, கூரைக்குப் பதிலாக மேலே கட்டிக்கொள்கிறேன். நீ இடித்த மிளகாய்ப் பொடியும் கொஞ்சம். மில்லில் இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

கோட்டைக் குரங்கு ஒன்று மேலேயிருந்து இறங்கி என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகையால் நிறுத்துகிறேன்.

தனகோட்டி