மூடி போட்ட படம்

ஜனவரி 6, செவ்வாய், பகல் 13:10
வெளியே மைனஸ் 31. வானம் தெளிவு. இன்னும் ஐந்து வாரத்துக்குச் சூரியன் எழாது. அதனால் நண்பகலிலும் துருவ ஒளி, வானில் அலையும் பச்சை வெளிச்சம், தெரிகிறது. அதைப் படமெடுக்கத்தான் இந்தக் குடிலில் தனியாக இருக்கிறேன். வழக்கம்போல லென்ஸை மூடி முதலில் ஒரு கறுப்புப் படம், கேமரா தானாகவே உண்டாக்கும் புள்ளிகளை அளக்க. பிறகு நாற்பது படங்கள். சிறந்ததை எண்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆய்வுத் தளத்துக்கு அனுப்பினேன். அங்கே எட்டுப் பேர். என் படங்களைப் பார்ப்பவர் நாகர்கோவில்காரர், பூரணி அக்கா. இருபது நிமிடத்தில் பதில்:

"கீழ்ப்பக்கம் வெட்டிப்போச்சு மக்ளே. வானத்துக்கு எடம் பத்தலியோ? வெள்ளிக்கிழம விமானத்துல ஏறதுக்குள்ள ஒரு நல்ல படம் எடு பாப்பம்."

அக்கா குறை சொல்லாமல் விட்ட படம் கிடையாது. அந்தக் குறைக்காகவே காத்திருப்பேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜனவரி 9, வெள்ளி, 13:40
மூட்டை கட்டி உட்கார்ந்திருந்தேன். தென்மேற்கே எஞ்சின் சத்தம் கேட்டது. தேய்ந்து மறைந்தது.

"காத்து ஜாஸ்தி மக்ளே. திங்கக்கிழம வரும். படம் கொள்ளாம்."

இங்கே புகைபோக்கியின் புகை நேராக மேலே போகிறது. கடைசியாக அனுப்பிய படத்தைக் கொள்ளாம், நன்றாயிருக்கிறது, என்கிறார்; குறையே இல்லை.

ஜனவரி 13, செவ்வாய், 13:05
திங்களும் போயிற்று. கணப்புக்கு எண்ணெய் இன்னும் ஆறு நாளுக்குத்தான். விரல் மரத்துத் தவறான கோப்பை அனுப்பிவிட்டேன், மூடி போட்ட கறுப்புப் படம். திட்டு வரும் என்று சிரித்துக்கொண்டேன். நான்கு நொடியில் பதில்:

"பச்சை கொள்ளாம் மக்ளே! ஓரத்துல ஊதாவும் இருக்கு."

15:30
தளத்தின் கணினிக்குள் போக எனக்கு அனுமதி உண்டு. பிறர் அறைக்குள் தட்டாமல் நுழைவது போல இருந்ததால் இதுவரை போனதில்லை. இன்று போனேன்.

இருப்பவர்கள்: பூஜ்யம். வெள்ளி பகல் ஒரு மணியிலிருந்து.

பதிவேட்டில் இருந்தது: துருவ ஒளியைப் பெருக்கும் சூரியப் புயல் வருகிறது; வந்தால் வாரக்கணக்கில் விமானம் பறக்காது. கடைசி விமானத்தில் எட்டு இடம். பதில் எழுதும் இயந்திரத்துக்கு அக்கா விட்டுப்போன குறிப்பு:

"என் பேச்சுலயே பதில் போடு. கொற சொல்லாத, அவ பயந்துரக் கூடாது. புயல் முடியுத வர படம் வந்துட்டே இருக்கணும்."

குறை சொன்னால் பயப்படுவேனாம். மூன்று மாதம் தினமும் பேசியவர்.

அவசர அழைப்பு அனுப்பினேன். எல்லா அழைப்பும் தளம் வழியாகத்தான் போகும்.

"இந்தா வாறோம் மக்ளே."

நான்கு நொடி.

ஜனவரி 15, வியாழன், 13:10
புயல் வந்துவிட்டது. வானம் முழுக்கச் சிவப்பு. பனியும் சிவப்பு, என் கையும். இதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. இதற்காகத்தான் என்னை விட்டுப் போனார்கள். லென்ஸை மூடி, கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: படம் இல்லை. அழகாக இருந்தது. அவ்வளவுதான் தருவேன்.

13:25
எதுவும் அனுப்பவில்லை. பதில் வந்திருக்கிறது.

"படம் கெடச்சுது மக்ளே. கொள்ளாம். நாளைக்கும் அனுப்பு."