கிளாச் செடிக்கு உப்புத் தண்ணீர்

பாசமுள்ள தங்கம் அக்கா,

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே உங்கள் கிளாச் செடி நின்ற இடத்தில் இன்னொரு கிளா காய்த்திருக்கிறது. இடுப்பு உயரம்தான். அதற்குள் கொத்துக் கொத்தாக, ஊறுகாய்க்கு ஆகிற அந்தப் புளிப்புக் காய், நாலைந்து கறுத்துப் பழுத்தும் விட்டது. சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதி. எனக்கோ உங்கள் படத்தை ஏறிட்டுப் பார்க்க முகமில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் செடி தானாகப் பட்டுப்போகவில்லை அக்கா. நான்தான் கொன்றேன்.

என் மூத்தவன் துபாயிலிருந்து வந்து கார் வாங்கினானே, அதன் கதவில் கிளா முள் கீறியது. சண்டைக்கு வந்தேன். "முள்ளு இல்லாத கிளா உண்டாட்டி சரசு? நான் வெட்டி ஒதுக்கிப் போடுதேன்" என்று சிரித்தீர்கள், அன்றைக்கே கத்தரித்தும் விட்டீர்கள். அடுத்த மாதம் இன்னொரு கீறல். நீங்கள் கண் ஆபரேஷனுக்கு நாகர்கோவில் போயிருந்த மூன்று நாளில், கல்லுப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை இரண்டு குடம் வேரில் ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்கு உங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டவளும் நான்தான். என்ன மனுஷி நான்?

நீங்கள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து செடியைத் தடவினீர்கள். இலையெல்லாம் கையோடு வந்தது. "கண்ணு மங்குனதோட எனக்க கையும் மங்கிப்போச்சுட்டி" என்றீர்கள். நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "ஒரு செடிக்குப் போயி இப்பிடியா, விடுங்க அக்கா" என்று தேற்றினேன்.

செடி போனதோடு தீர்ந்திருந்தால் பரவாயில்லை. ஊரில் யார் தென்னம்பிள்ளை வைத்தாலும், கைராசிக்காரி என்று உங்களைத்தானே கூப்பிடுவார்கள்? அதற்குப் பிறகு வந்து கூப்பிட்டவர்களிடம், "நான் வச்சா பட்டுப்போவும், வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்லி அனுப்பினீர்கள். ஒரு தடவை நானும் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்து வேலை. திறக்கவில்லை. சாகும்வரை நீங்கள் ஒரு கீரை விதைகூடத் தூவவில்லை.

நீங்கள் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அந்த இடத்து உப்பு மண்ணை முழங்கை ஆழத்துக்கு அள்ளிப் போட்டுவிட்டு, புது மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினேன். வடசேரிச் சந்தையில் பழம் வாங்கி விதை எடுத்துப் போட்டேன். இரண்டு தடவை அழுகியது. மூன்றாம் தடவை முளைத்ததில் ஒன்றுதான் தேறியது. யாருக்காக வளர்த்தேன்? உங்களுக்கா, என் மனசுக்கா? தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தக்கலையிலிருந்து உங்கள் மகள் லதா வந்தாள். செடியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சித்தி, அம்மைக்க கை அப்பிடியே ஒங்களுக்கு வந்திருக்கு. வெள்ளிக்கிழமை எங்க புது வீட்டுப் பால்காய்ப்பு. தென்னம்பிள்ளை நீங்கதான் வைக்கணும்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

எந்தக் கையைப் பிடித்திருக்கிறாள், பாருங்கள் அக்கா. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குடம், உப்பு, மூன்று நாள், எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையை விட்டாள். பிறகு, "அம்மை இருக்கும்போ சொல்லியிருந்தா, எனக்கு ஒரு மாங்கன்னாவது வச்சுத் தந்திருப்பாளே சித்தி. நான் எத்தனை மட்டம் கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போய்விட்டாள். போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் தக்கலைக்குப் போவேன் அக்கா. தென்னம்பிள்ளையைத் தொட மாட்டேன். உங்களைக் கைராசிக்காரி என்று கூப்பிட்ட அத்தனை பேரும் அங்கே வருவார்கள். அவர்கள் நடுவில் நின்று, தங்கம் அக்காவின் கையில் ஒரு குறையும் இல்லை, கெட்டது என் கைதான் என்று சத்தமாகச் சொல்வேன். அதற்குப் பிறகு பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காருவேன். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். இது சத்தியம்.

கடைசிவரை நீங்கள் சந்தேகப்படாத தங்கச்சி,
சரசு