ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டிய வீடு

12.07.2024, வெள்ளி

ஆர்த்திக்கு மறுபடி இழுப்பு. அரியலூர் டாக்டர் இந்த முறை புது மருந்து எதுவும் எழுதவில்லை. "மொதல்ல புள்ளைய அந்த ஊர விட்டு வெளிய கொண்டு போங்கம்மா" என்றார். ஏழு வயதுப் பிள்ளை, எண்பது வயதுக் கிழவி போல மூச்சு விடுகிறாள்.

ஊருக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குச் சங்கு, பிறகு வெடி, பிறகு தூசி. வெள்ளை ஜாக்கெட் துணி வந்தால் நான் தைக்க வாங்குவதே இல்லை.

இந்த வீட்டை விற்றால்தான் பெரம்பலூரில் ஒன்று வாங்க முடியும். ஆர்த்தி அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓட்டுவது அந்தச் சுரங்கத்துக் கல் லாரிதான். "சரி, வித்துடுவோம்" என்றார்.

17.07.2024, புதன்

புரோக்கர் முத்துசாமி வந்தார். "இன்னைக்கு ஆடி பொறந்துருச்சேம்மா! இப்பப் போயி யாரு வூடு வாங்குவா?"

வெடி வைக்கிறவனுக்கு மட்டும் ஆடியும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

15.09.2024, ஞாயிறு

ஆவணி முழுக்க வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் புதன்கிழமை மத்தியானம் வந்தார். வெடித்ததும் ஜன்னல் அதிர்ந்தது, கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது. மிச்ச டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

முத்துசாமிக்குக் கோபம். "இனிமே ஞாயித்துக்கிழமைதான் ஆளக் கூட்டியாருவேன். அன்னைக்குத்தான் வெடி கெடையாது."

நாளை மறுநாள் புரட்டாசி. புரட்டாசியில் யார் பால் காய்ச்சப் போகிறார்கள்?

24.10.2024, வியாழன்

மூன்று நாளாக மழை. தூசியெல்லாம் இறங்கி ஊரே பச்சை. வெளியிலிருந்து பார்த்தால் நானே இந்த வீட்டை வாங்குவேன். உள்ளே வந்தால்தான், வெடியில் விட்ட விரிசல் ஒவ்வொன்றும் ஈரம் குடித்துக் கறுத்துக் கிடப்பது தெரிகிறது. இந்த ஈரத்தில் ஐப்பசியும் ஆகாது. அப்படியென்றால் எந்த மாதம்தான் ஆகும்? தை, தை என்கிறார்கள். அதுவரை பிள்ளை தாங்குமா?

16.12.2024, திங்கள்

மார்கழி பிறந்தது. விடிகிற வரை இழுப்பு.

01.02.2025, சனி

நாளை ஆள் வருகிறார்கள். தை, வளர்பிறை, ஞாயிறு, எல்லாம் கூடி வந்திருக்கிறது. அவர் லீவு போட்டு விரிசல்களில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்துவிட்டார். வாசல் கொய்யாமரம்தான் பழையபடி சாம்பல் பூத்து நின்றது. மத்தியானத் தூசி அடங்கியதும் நானும் ஆர்த்தியும் குழாய் போட்டு அதைக் குளிப்பாட்டினோம். இலை இலையாகத் துடைத்தோம். எவ்வளவு நாளாயிற்று அவள் இப்படிச் சிரித்து!

02.02.2025, ஞாயிறு

ஜெயங்கொண்டத்திலிருந்து புருஷனும் பெஞ்சாதியும் வந்தார்கள். அவள் பெயர் பானுப்ரியா, இடுப்பில் கைக்குழந்தை. சமையலறை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, "நல்லா இருக்குக்கா" என்றாள். எனக்குச் சாமியே வந்து நிற்பது போல இருந்தது.

கிளம்பும்போது வாசலில் நின்றுவிட்டாள். எதிர்வீட்டு வேம்பைப் பார்த்தாள், பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்தாள்.

"ஏங்க்கா, தெருவுலயே ஒங்க மரம் மட்டும் பச்சையா இருக்கு?"

விரிசலுக்குப் பொய் தயாராக வைத்திருந்தேன். சுரங்கத்துக்கும் வைத்திருந்தேன். மரத்துக்கு வைத்திருக்கவில்லை. அதற்குள் ஆர்த்தி ஓடிவந்து, "நானும் அம்மாவும்தான் நேத்து குளிப்பாட்டுனோம்!" என்றாள். ஓடிவந்த இளைப்பில் அப்படியே இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை.

பானுப்ரியா குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "பாத்துட்டுச் சொல்றோம்க்கா" என்றாள். முத்துசாமி என்னை முறைத்தார். என்னை முறைத்து என்ன? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ராத்திரி ஆர்த்தி கேட்டாள், "நான் சொன்னது தப்பாம்மா?"

இல்லடி கண்ணு. தப்பு ஒண்ணுமில்ல.

09.02.2025, ஞாயிறு

என் தங்கை சுகன்யா பெரம்பலூரிலிருந்து வந்து ஆர்த்தியை அழைத்துப் போனாள். வீடு விற்கிற வரைக்கும்தான். மூட்டையில் பாதித் துணிதான் வைத்தேன்.

18.01.2026, ஞாயிறு

மறுபடி தை. முத்துசாமி தீபாவளிக்கு முன்னால் கடைசியாகப் பேசினார். கூப்பிடுவார் என்று நாங்களும் போனைப் பார்ப்பதில்லை.

ஆர்த்திக்குக் கடைசியாக இழுப்பு வந்து ஐந்து மாதமாகிறது. கன்னத்தில் சதை போட்டிருக்கிறாள். சுகன்யா அவளை வெடி இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும், கண்டக்டரிடம் சொல்லி அனுப்புகிறாள். இன்று ஒன்பது மணி பஸ்ஸில் ஆர்த்தி வந்தாள். எல்லா அறையையும் ஒரு சுற்று பார்த்தாள். கிணற்றுத் தண்ணீர் குடித்தாள். கூடத்துச் சுவரில் பட்டி பெயர்ந்த இடத்தை விரலால் தடவினாள். ஐந்து மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் வந்து போனார்கள்.

அவர் பஸ் ஏற்றிவிட்டு வந்து, "புள்ள நல்லா இருக்குல்ல" என்றார். "ம்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மரத்தைக் கழுவ வேண்டும்.